கோயிலுக்குப் போன பேட்ஜ்

என் மகள் அப்போது வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். துகள் கற்றையை உயிருள்ள செல்கள் மேல் பாய்ச்சி, கதிர்வீச்சு அவற்றை எப்படிக் கெடுக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. எக்ஸ்ரே பட்ட செல் பெரும்பாலும் தன்னைச் சரிசெய்துகொள்ளும், கனமான துகள் பட்ட செல்லால் பல சமயம் முடியாது என்பாள். கற்றை அவளுக்கு ஆண்டில் மூன்று நாள்தான் கிடைக்கும். அதற்காக மாதக்கணக்கில் செல்களை வளர்ப்பாள்.

நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "உனக்கு ஒண்ணும் ஆகாதே?"

"பீம் ஓடும்போது நாங்க உள்ளயே இருக்க மாட்டோம்பா. பேட்ஜ் வேற இருக்கு. என் மேல கதிர்வீச்சு பட்டா அது காட்டிக் கொடுத்துரும்."

விடுமுறைக்கு வந்தபோது அந்த பேட்ஜ் தவறுதலாக அவள் பையோடு வந்துவிட்டது. பரீட்சைக்கு முன் ஹால் டிக்கெட்டைச் சாமி பாதத்தில் வைத்து வாங்குவது எங்கள் வழக்கம். ஒரு காலை, அவள் எழுவதற்குள் பேட்ஜைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

அர்ச்சகர் திருப்பிப் பார்த்தார். "இது எந்தப் பரீட்சைக்கு சார்?"

திரும்பும் வழியில், இருமலுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டேன். படத்தில் நெஞ்சின் மேல் ஒரு சதுரம் விழுந்திருந்தது.

"பாக்கெட்ல இன்னா சார் வச்சினு இருக்கீங்க? கழட்டி வச்சிட்டு வாங்க, இன்னொரு தபா எடுத்துடலாம்," என்றார் படம் எடுத்தவர்.

வீட்டில், விபூதியைத் துடைத்து பேட்ஜை அவள் பையில் வைத்தேன். சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

அவள் திரும்பிப் போனபின், கற்றை நாட்களுக்கு முந்தைய வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. பேட்ஜில் வழக்கத்துக்கு மாறான அளவு பதிவாகியிருந்ததாம். காரணம் தெரியும்வரை அவளை உள்ளே விடமாட்டார்கள்.

"எங்க தப்பு பண்ணேன்னே தெரியலப்பா," என்றாள்.

அவளுக்குப் பின்னாளில் குழந்தை பிறக்குமா என்றுதான் என் புத்தி போயிற்று. எக்ஸ்ரேயில் விழுந்த சதுரம் நினைவுக்கு வர ஒரு முழுப் பகல் ஆனது. மனைவியிடம் சொன்னேன்.

"அப்போ அவளுக்கு ஒண்ணும் இல்லதானே? அத மொதல்ல அவகிட்ட சொல்லுங்க," என்று போனை என் பக்கம் தள்ளினாள்.

மகள் முழுவதும் கேட்டாள். சிரிக்கவில்லை. "இதையெல்லாம் எழுதி எங்க லேபுக்கு அனுப்புங்கப்பா. எக்ஸ்ரே படத்தோட."

கோயில் என்ற சொல் இல்லாமல் எழுதப் பார்த்தேன், முடியவில்லை. கடிதம் போய்ச் சேருமுன் மூன்று நாட்களும் வேறொருவருக்குப் போய்விட்டன. வளர்த்த செல்களை அவள் கொட்டிவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி தொடங்கினாள்.

அந்த ஒரு பகல் முழுக்க, தன் உடம்பில் எந்தெந்தச் செல் உடைந்திருக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு சொன்னாள். அந்தக் காகிதத்தை நான் கேட்கவில்லை.