பெருநாள் வயலில் மூன்று அடி

நீராவிப்பிட்டியில் எங்கள் பக்கத்து வீட்டு யஹ்யா அண்ணன், எங்கள் வழக்கில் யஹ்யா நானா, ஒன்பது வருடம் துபாயில், ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்தவர். பந்தை அடிப்பவரின் பின்னால் தடிப்பையைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்குக் ‘கெடி’ என்று பெயராம். நானாவும் ஒரு கெடி. ஊர் திரும்பியும் அவருக்கு அந்தக் கதைதான். ஒருநாள் அவர் மனைவி றஸ்மியா கேட்டார்.

“இவ்வளவு கதைக்கிறீங்களே, நீங்க ஒரு பந்தாவது அடிச்சனீங்களா?”

“இல்ல. கெடி அடிக்கேலாது.”

“அப்ப பையைப் பற்றி மட்டும் கதையுங்கோ.”

நானாவுக்குச் சுருக்கென்றது. நோன்புப் பெருநாளன்று றஸ்மியாவின் கண்முன்னே பந்தை அடித்து உள்ளே போட்டு, ஒரு குழியையாவது ஒழுங்காக முடித்துக் காட்டுவதாகச் சொல்லிவிட்டார். வெட்டி முடிந்த வயலில் வெறும் பால்மாத் தகர ரின் ஒன்றைப் புதைத்தார், அதுதான் குழி. பாலைமரக் கம்பில் தடிகள் செய்து யூரியாப் பையில் போட்டார். பந்து மட்டும் துபாய்ப் பந்து.

தொழுகை முடிந்து, வட்டிலப்பமும் தின்று, ஊரே வயல் வரம்பில் கூடியது. நானா விளக்கினார். கைதேர்ந்தவர் இந்தக் குழியை நாலு அடியில் முடிப்பார். அந்தக் கணக்குக்குப் ‘பார்’ என்று பெயர். அதில் ஒன்று குறைந்தால் விசேஷம், பேர்டி; இரண்டு குறைந்தால் இன்னும் விசேஷம், ஈகிள்; ஒன்று கூடினால் குறைச்சல், போகி.

தலையை ஆட்டினோம். ஆனால் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஊர் அல்லவா, எண்ணிக்கை கூடினவன்தான் எங்களுக்கு வென்றவன். முதலில் றஸ்மியாவின் தம்பி அஸ்மின் குழியைச் சுற்றிச் சுற்றி இருபத்துமூன்று அடி அடித்துத்தான் பந்தை உள்ளே போட்டான். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

அடுத்தது நானா. பிஸ்மில்லாஹ் சொல்லி ஓங்கினார். பந்து பறந்தது; மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளும் பறந்தன. இரண்டாவது அடி ரின்னுக்குக் கிட்டப் போய் நின்றது. மூன்றாவது ‘டங்’ என்று உள்ளே விழுந்தது.

“பேர்டி!” நானா துள்ளினார்.

“மூண்டுதானா மச்சான்? நான் இருபத்துமூண்டு” என்றான் அஸ்மின். ஊர் சிரித்தது. நானாவின் முகம் வாடிப்போனது.

றஸ்மியா எழும்பினார். “டேய் அஸ்மின், மூண்டு நெருப்புக்குச்சியில அடுப்பு மூட்டுறவ கெட்டிக்காரியா, பெட்டியையே முடிக்கிறவ கெட்டிக்காரியா?”

 சிரித்தோம், அப்படிச் சிரித்தோம். நான் வரம்பிலிருந்து சறுக்கி, புதுச் சேலையெல்லாம் மண். பெருநாளில் சிரிப்பதற்கும் அல்லாஹ் நன்மை எழுதுவான் என்றே நினைக்கிறேன்.

“அப்ப என்ட இருபத்துமூண்டுக்கு என்ன பேர் மச்சான்?”

“அதுக்கு இன்னும் ஒருத்தரும் பேர் வைக்கேல்லடா.”

நானா மனைவியைப் பார்த்தார். “இப்ப?”

றஸ்மியா யூரியாப் பையைத் தூக்கித் தோளில் போட்டார்.

“அடுத்த குழியைத் தோண்டுங்கோ. இண்டைக்கு நான்தான் கெடி.”