பேசாத படத்தின் வசனம்

போன வாரம் ஒரு பெரிய படத்துக்குப் போனேன். நாயகன் ஊரையே அடித்துத் துவைக்கிறான். நாயகி இரண்டு பாட்டுக்கு வந்துவிட்டுக் காணாமல் போகிறாள். படம் எப்படி என்று தோழி கேட்டாள். "அந்தப் பொண்ணுக்கு அதுல இன்னா வேல?" என்றேன். சொன்ன பிறகுதான், அது என் கருத்தல்ல, சித்தியின் கருத்து என்று உறைத்தது.

சித்தி அம்மாவின் தங்கை. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு பையோடு நெம்மேலிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், திரும்பிப் போகவில்லை. சித்தப்பாவுக்குக் கோபம் வந்தால் கை நீளும். எங்கள் வீட்டில் அதற்குச் 'சின்ன மனஸ்தாபம்' என்று பெயர்.

திருவிடந்தைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அவளுக்கு அறை சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் புல்வெளியில் திரை கட்டி விருந்தினருக்குப் படம் போடுவார்கள். ஒரு வாரம் புதுப்படம், மறு வாரம் வசனமே இல்லாத காலத்துக் கருப்பு வெள்ளைப் படம். சித்தி துண்டு மடித்தபடியே பார்த்துவிட்டு வந்து எனக்குக் கதை சொல்வாள். புதுப்படம் சீக்கிரம் முடிந்துவிடும். "அவனே பேசினுகீறான், அவனே அடிக்கிறான். நடுவுல நாம எதுக்கு?" பழைய படம் என்றால் சாப்பாடு ஆறிப்போகும்வரை சொல்வாள். அவள் சொல்லும்போது அதில் எல்லோரும் வாய் ஓயாமல் பேசினார்கள், அதுவும் நெம்மேலித் தமிழில். அவை பேசாத படங்கள் என்பதே எனக்குத் தெரியாது.

எனக்குப் பிடித்தது சலவைக்காரி படம். வீட்டை விட்டு வந்த அவளை அழைத்துப்போகப் புருஷன் ஆட்களோடு வருவான். அவள் வாசலில் நின்று, "நான் வர்ல. என்ன அடிச்ச கைக்குச் சோறு போட இந்தக் கை வராது" என்பாள். அந்தக் காட்சியை நானும் சித்தியும் மாற்றி மாற்றி நடிப்போம். எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் அவருடைய அண்ணனும் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஆப்பிள் தட்டோடு வந்தார்கள். அப்பா அதற்கு முன்பே சித்தியின் பையை வாசலில் கொண்டுபோய் வைத்திருந்தார்.

"கெளம்பும்மா, இருட்றதுக்குள்ள போய்ச் சேரலாம்" என்றார் ஒரு பெரியவர்.

"நான் வர்ல" என்றாள் சித்தி.

எனக்குப் புல்லரித்தது. எங்கள் படம்!

"ஏன், அங்க இன்னா கொற உனக்கு?" என்று சித்தப்பாவின் அண்ணன் கேட்டார்.

சித்தி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ தவிப்பு. பள்ளி நாடகத்தில் யாராவது திக்கினால் எடுத்துக் கொடுப்போமே, அப்படி அடுப்படியிலிருந்து, "என்ன அடிச்ச கைக்கு..." என்றேன்.

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவின் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து கடைசிவரை முழுசாகச் சொன்னாள்.

சித்தப்பா அடித்ததை அந்த வீட்டில் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பா எழுந்துபோய்ப் பையை உள்ளே கொண்டுவந்து வைத்தார். வந்தவர்கள் டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். ஆப்பிள் தட்டு மட்டும் இருந்தது. சித்தி அத்தனையையும் நறுக்கி எனக்கே கொடுத்தாள். நானும் ஏன் என்று கேட்காமல் தின்றேன்.

மறுநாள் பள்ளியில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க சித்தி ஆளுங்களப் பாத்ததும் டயலாக்க மறந்துட்டா. நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.