நூற்றிப்பத்தும் மறுபக்கமும்

போன வாரம் மதுரையில் மைத்துனர் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டு கேட்பதற்கென்றே ஒரு அறை வைத்திருக்கிறான். உள்ளே காலை வைத்ததும் சாரைப்பாம்பு கனத்தில் கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. "ஐயோ மாமா, மிதிச்சிராதீங்க!" என்று பதறினான். ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் போகும் வயராம். இந்த வயர் போட்ட பிறகுதான் பாட்டு தெளிந்ததாம். அதன் மறுமுனை ஒரு இரும்புப் பெட்டிக்குள் போனது. அது எதற்கு என்று கேட்டேன்.

"கரண்டுல அழுக்கு இருக்கும்ல மாமா. அதை எடுத்துரும்."

கரண்டைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அனுப்புகிற காலம் வரை உயிரோடு இருந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். சிரித்தால் கோபித்துக்கொள்வான். வயரை முகர்ந்து பார்ப்பதுபோலக் குனிந்தேன். புது ரப்பர் வாசனை என்னை நேரே திருச்சுழிக்குக் கொண்டுபோய்விட்டது.

எண்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு அலுவலகத்தில் எனக்கு வேலை. சொந்த ஊரான அருப்புக்கோட்டைக்கு சனிக்கிழமை மட்டும் பஸ் ஏறுவேன். மாடியில் நான், கீழே வீட்டுக்காரர் பாத்திமாக்காவும் அவர் மாமியாரும். அக்காவின் கணவர் காதர் அண்ணன் சவூதியில் இருந்தார். கடிதம் எழுதச் சோம்பேறி. கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்.

ஒருமுறை வந்த கேசட்டை தெருமுக்குக் கடைக்காரரின் டேப் ரெக்கார்டரில் போட்டார்கள். தெருவே கூடிவிட்டது. அண்ணன் ஒவ்வொருவராக நலம் விசாரித்தார், வெள்ளாடு ஈன்றுவிட்டதா என்பது உட்பட. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மறுபக்கம் பாத்திமாவுக்கு மட்டும்" என்றார். கடைக்காரர் மரியாதை தெரிந்தவர். உடனே நிறுத்திவிட்டார். ஆனால் அவர் விரல் கேசட்டைத் திருப்பிப்போடத் துடித்ததை எல்லோரும் பார்த்தோம்.

அன்றிலிருந்து அக்கா உளுந்து வாங்கப் போனாலும் ஒரே கேள்விதான்: "என்ன பாத்திமா, மறுபக்கம் கேட்டாச்சா?" எப்படிக் கேட்பது? கடைக்காரர் டேப்பை இரவல் கொடுப்பார். டேப்போடு அவரும் வருவார்.

பாவம், அக்கா காத்திருந்தார். மூன்று மாதம் கழித்து அண்ணன் ஒரு பெரிய ஸ்டீரியோ செட்டையே அனுப்பிவிட்டார். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் வீடெல்லாம் புது ரப்பர் வாசனை. செட்டின் பின்பக்கம் நூற்றிப்பத்து வோல்ட் என்று எழுதியிருந்தது. நம் ஊர் கரண்ட் இருநூற்றிமுப்பது, செருகினால் புகைந்துவிடும். வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் டப்பாவைத் தான் வரும்போது கொண்டுவருவதாக அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குத் தெரிந்த இந்த விஞ்ஞானத்தையெல்லாம் அக்காவுக்கு நீட்டி முழக்கி விளக்கினேன்.

அக்கா நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நூத்திப்பத்துதான தம்பி வேணும்? நம்ம ஊருல பொழுது சாஞ்சா அம்புட்டுத்தான வருது?"

அசந்துபோனேன். உண்மைதான். பொழுது சாயும்போது சுற்றுவட்டாரக் கிணறுகளில் எல்லா மோட்டாரும் ஓடும். எங்கள் தெரு கரண்ட் லைனின் கடைசித் தெரு; மோட்டார்கள் இழுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. பல்பு வெற்றிலைக் காவியாகச் சிவந்துவிடும். இதை அளக்கவும் ஆளாக நான் இருந்தேன். டிவி வாங்குவதற்கு முன்பே ஸ்டெபிலைசர் வாங்கிவைத்திருந்த புண்ணியவான் நான். டிவி கடைசிவரை வரவில்லை. ஸ்டெபிலைசரின் முள் மட்டும் வோல்டேஜ் காட்டிக்கொண்டிருந்தது.

ஏற்பாடு இதுதான். முள் நூற்றிப்பத்துக்குப் பக்கத்தில் இறங்கியதும் நான் குரல் கொடுப்பேன். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு செட்டைப் போடுவார். முள் ஏறினால் மாடித் தரையில் ஓங்கி மிதிப்பேன்; உடனே அணைத்துவிட வேண்டும். செட்டின் தட்டையான பிளக் நம் சாக்கெட்டில் நுழையாது என்பதால் அதை வெட்டி எறிந்துவிட்டு, வயரைச் சீவி சாக்கெட் ஓட்டையில் செருகி, இரண்டு தீக்குச்சியால் இறுக்கினோம். மருமகனே, அதுதான் எங்கள் வயர்.

அன்று மாலை முள் அழகாக இறங்கியது. "போடுங்கக்கா!" என்றேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அந்த வருஷம் அதுவரை ஒரு பொட்டு மழை இல்லை. அன்றைக்குப் பார்த்து வந்தது. சும்மா இல்லை, இடியோடு கொட்டியது. வயக்காட்டில் இருந்தவர்கள் எல்லோரும், இனித் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம் என்று மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். மழை வந்தால் கரண்ட் போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். அன்று அதுவும் போகவில்லை. என் கண்ணெதிரே முள் விறுவிறுவென்று ஏறியது. பல்பு பளீரென்றது. குதித்துக் குதித்து மிதித்தேன். அக்கா அதை இடி என்று நினைத்துக்கொண்டார்.

கீழே ஓடினால் புகைநாற்றம். செட்டுக்குள் சிக்கிய கேசட்டை இழுத்தபோது நாடா இடியாப்பமாக வந்தது. வாசலில் மாமியார் நனைந்தபடி அல்லாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். தெருவே மழையில் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா மட்டும் மழையை முறைத்தபடி நின்றார்.

"ஏதாவது கேட்டுச்சாக்கா?"

"'பாத்திமா, நல்லாருக்கியா'ன்னு கேட்டாக தம்பி. நல்லாருக்கேன்னு சொல்லுறதுக்குள்ள பொகஞ்சிருச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நான் நாடாவைக் கேசட்டுக்குள் சுற்றப் பார்த்தேன்.

மறு வருஷம் காதர் அண்ணன் டப்பாவோடு வந்து சேர்ந்தார். மறுபக்கத்தில் என்ன பேசினார் என்று அக்கா நேரிலேயே கேட்டிருக்கிறார். "யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டு, மறந்துபோச்சுங்கிறாக. பொட்டியில பேசுன ஆளு வேற போல" என்றார் என்னிடம்.

இப்போது அந்தத் தெருவில் கேசட்டும் இல்லை, மறுபக்கமும் இல்லை. சவூதியில் இருக்கிறவர்கள் செல்போனில் முகத்தைக் காட்டிப் பேசுகிறார்கள். மழை வந்தால் மழை என்று மட்டும்தான் தெரிகிறது. எந்தப் பக்கம் மோட்டார் நிற்கிறது, யார் வீட்டில் செட்டு புகைகிறது என்று பல்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மதுரையில் பையன் பாட்டைப் போட்டான். பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. என்னையறியாமல் அண்ணாந்து விளக்கைப் பார்த்தேன்.

"எப்படி மாமா, நல்லாருக்கா?"

"நல்லாருக்குப்பா" என்றேன். நான் சொல்லி முடிக்கும்வரை கரண்ட் ஏறாமல் இறங்காமல் அப்படியே இருந்தது.