புறங்கையால் வயரைத் தொட்டவர்

பேட்டை எலெக்ட்ரீசியன் அண்ணாச்சிக்குக் காதிடுக்கில் எப்போதும் டெஸ்டர். காய்ச்சல் பார்ப்பதுபோல வயரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்.

தினமும் ராதாபுரம் போய்வரும் என் மின்சாரக் காருக்கு, மூன்று ஃபேஸ் லைன் இழுத்துப் பெரிய சார்ஜர் பெட்டியைச் சுவரில் மாட்டினார். மறுநாள் காலையில் பார்த்தால் சார்ஜ் பாதிகூட ஏறவில்லை. முன்பு சொருகிய சாதாரண பிளக்கின் அதே வேகம். அவரை வரவழைத்து, தெருவே கேட்கக் கத்தினேன்.

"என்னவே வேலை பார்த்தீரு?"

வயரைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் வெடித்தார்.

"சுவத்துல மலையையே மாட்டும்! வண்டிக்குள்ள இருக்கிற சார்ஜர் சின்னது. அது எவ்வளவு இழுக்கோ அவ்வளவுதான் ஏறும். அன்னைக்கே சொன்னேம்லா? 'பேசாம மாட்டும்வே'ன்னது யாரு?"

நான்தான். இதைச் சொல்லாமல் காரை விற்ற ஷோரூம்காரனிடம் காட்டத் துணியாத கோபத்தை இவரிடம் காட்டியிருக்கிறேன். என்மேல் எனக்குள்ள எரிச்சல் இன்னும் ஆறவில்லை. கத்தியவனுக்குப் பதில் சொல்லும் முன், தன் வேலையில்தான் தப்போ என்று தொட்டுப் பார்த்தாரே, அந்த மனிதர்.