துப்பாக்கிக்கு நெற்றி எது?

போன சனிக்கிழமை, புக்கிகோஹேயில் பிரையன் என்கிற விவசாயி என் துப்பாக்கியை மோந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “மேட், இதுக்கு சென்ட் போட்டிருக்கியா?”

என்ன சொல்வது? சென்ட் இல்லை ஐயா, சந்தனம் என்றா?

துப்பாக்கியா... உனக்கா... என்று நீங்கள் புருவம் தூக்குவது தெரிகிறது. போன வாரம்வரை மார்ட்கேஜ் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தவன்தானே! முதலிலிருந்து சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் மனைவி செல்வியும் ஆக்லாந்தில் நாங்கள் இருக்கும் தகனினியிலிருந்து புக்கிகோஹே பக்கம் காரில் ஒரு சுற்றுப் போவோம். பிரையன் தன் தோட்டத்து வாசலில் லெட்டூஸ், வெங்காயம் எல்லாம் அடுக்கி வைத்திருப்பார். பக்கத்தில் ஓர் உண்டியல். காசைப் போட்டுவிட்டு நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒருநாள் செல்வி, பாதி கடிபட்ட லெட்டூஸ் ஒன்றைத் தூக்கி அவரிடமே காட்டி, “இதுக்குப் பாதி விலைதானே?” என்று கேட்டுவிட்டாள்.

மனிதர் சிரிக்கவில்லை. முயல்கள் வரிசை வரிசையாக மேய்கின்றனவாம். போதாததற்கு ஃபெரட் என்று கீரிப்பிள்ளைக்குத் தம்பி போல ஒரு ஜந்து, கோழிக்கூண்டில் புகுந்து அடிக்கிறதாம்.

“கிட்டப் போனா ஓடிடுது. இருநூறு மீட்டர்லேர்ந்து அடிக்கிற ஆள் வேணும்” என்றார்.

“நான் கத்துக்கிட்டு வர்றேன்” என்றேன்.

செல்வி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... இருநூறு மீட்டர் எதற்கு, இரண்டடியில் சுட்டுவிட்டாள்.

ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் துப்பாக்கி என்பது பண்ணை வீட்டில் இருக்கும் பொருள். பண்ணையார் காட்டுப்பன்றி சுடுவார். செத்த பன்றியைக் கம்பில் கட்டித் தோளில் தூக்கி வருவது அப்பா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, பரீட்சை என்று எதைப் பார்த்தாலும் எனக்கு எழுதிவிடத் தோன்றும். இங்கே துப்பாக்கி லைசென்சுக்கும் ஒரு பரீட்சை உண்டு என்று தெரிந்தது. விடுவேனா?

பரீட்சை பாஸ். அடுத்து போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து செல்வியிடம் தனியாக விசாரித்தார். கணவர் கோபக்காரரா, கையில் துப்பாக்கி இருந்தால் உங்களுக்குப் பயமாக இருக்குமா...

“கரப்பான் பூச்சிய அடிங்கன்னா, அட்டையில ஏத்தித் தோட்டத்துல கொண்டுபோய் விடறவரு சார் இவரு.”

அது எனக்கு நற்சான்றா, அவமானமா? இன்றுவரை புரியவில்லை. போலீஸ்காரர் மட்டும் திருப்தியாக எழுதிக்கொண்டார்.

வெளியாள் ஒருவரும் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈஸ்ட் டாமாக்கியில் நான் லேத் ஓட்டும் அதே பட்டறையில் வேலை பார்க்கும் அன்ரன் அண்ணனைக் கேட்டேன். மன்னார்க்காரர். கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டார்.

“தம்பி, துவக்குக்குப் பயந்து நாங்கள் கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள். நீர் ஆசைப்பட்டு வாங்கப் போறீர். அதுக்கு நான் நல்லவன் எண்டு சாட்சி சொல்லோணுமோ?”

கோப்பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு அவரே சொன்னார்:

“ஓம், சொல்லுறன். ஆனா முதல்நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போம். மனுசரை நோக்காத துவக்கு எப்பிடியிருக்கும் எண்டு நான் ஒருக்கால் பாக்கோணும்.”

என் போட்டோ ஒட்டிய லைசென்ஸ் வந்த அன்று ஊருக்கு போன் போட்டேன்.

“லைசென்சா? யார் பேர்லடா?” என்றார் அப்பா.

“என் பேர்லதாம்பா.”

“லைன்ல இரைச்சலா இருக்கு. சத்தமாச் சொல்லு.”

லைனில் ஓர் இரைச்சலும் இல்லை. இருந்தாலும் சத்தமாகச் சொன்னேன்.

அப்புறம்தான் கடை. ஒரு சனிக்கிழமை நகர மையத்துக்குப் போனோம். ராகுகாலம் முடியாமல் காரை விட்டு இறங்கமாட்டேன் என்றாள் செல்வி. இந்த ஊர் ராகுகாலமா, நம்ம ஊர் ராகுகாலமா என்று கேட்டேன். “ரெண்டும் முடியட்டும்.” அப்படிப் பார்த்தால் கடையையே மூடிவிடுவார்கள் என்று கெஞ்சி இறக்கினேன்.

லைப்ரரியில் இருந்த புத்தகங்களையெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். வேண்டியது போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் என்பதில் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்கிற பூட்டின் பிடியைக் கையால் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்கிப் பூட்ட வேண்டும். மெதுவான வேலைதான். ஆனால் தூரத்து முயல் நமக்கு இரண்டாவது குண்டு தருமா? முதல் குண்டுதான் குண்டு. அதற்குப் பூட்டு இம்மியும் ஆடக்கூடாது. லேத்தில் பிடிமானம் ஆடினால் வேலை என்ன லட்சணத்தில் வரும்? அதே கதை இங்கேயும்.

கடைக்காரர் முதலில் நீட்டியது மான் வேட்டைக்கான பெரிய 308 ரகம். அதைக்கொண்டு சுட்டால் முயலும் மிஞ்சாது, பின்னால் இருக்கும் லெட்டூஸும் மிஞ்சாது. சின்ன 22 என்றால் நூறு மீட்டர் தாண்டியதும் குண்டு களைத்துப்போய்த் தரையைப் பார்க்கும். 22-250 அசுர வேகம். ஆனால் குண்டு போகும் குழாயை, அதாவது பேரலை, சீக்கிரம் தின்றுவிடும். நான் 223 கேட்டேன். இருநூறு மீட்டர்வரை கிட்டத்தட்ட நேர்கோடு. தோளை உதைக்காது, தோட்டாவும் எங்கேயும் கிடைக்கும். பேரல் தடிமனாக வேண்டும் என்றேன். கனம்தான்; ஆனால் சீக்கிரம் சூடேறாது. நான் என்ன, தூக்கிக்கொண்டு மலையா ஏறப் போகிறேன்? வேலியோரம் குப்புறப் படுக்கப் போகிறவன். தூரம் பார்க்கும் ஸ்கோப்பில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. தெரியாததைச் சுட முடியுமா?

பேரலைத் தாங்கும் அடிக்கட்டை மரமா, சிந்தெடிக்கா என்று கேட்டார். சிந்தெடிக் என்றேன்.

“இவ்ளோ காசு குடுத்து பிளாஸ்டிக்கா? நாம என்ன தண்ணிக்குடமா வாங்க வந்தோம்?” — செல்வி.

ஆக்லாந்து ஈரத்தில் மரம் உப்பும், உப்பினால் பேரலைத் தொடும், தொட்டால் குறி விலகும் என்று விளக்கினேன். கடைக்காரருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் என் கை ஆட்டம் புரிந்திருக்கிறது. ஒரு பில் தாளை எடுத்து, பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் நுனியிலிருந்து உள்ளேவரை வழுக்கிக் காட்டினார். பேரல் எங்கும் தொடாமல் காற்றில் நிற்கிறது என்பதற்கு அதுதான் சோதனை.

“தாளைக் குடுங்க. நானே பாக்கறேன்.”

மூன்று ரைஃபிள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டிலும் தாள் ஓரிடத்தில் உரசியது. மூன்றாவதில் தண்ணீரில் விட்டதுபோல் போனது. இதுதான் என்றேன். கடைக்காரர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் டிப்ளமா வாங்கிய அன்றுகூட யாரும் எனக்குத் தரவில்லை. செல்வி பேரம் பேசித் துடைக்கிற சாமான்களை இலவசமாக வாங்கிக்கொண்டாள்.

துப்பாக்கி கிளப் மைதானத்தில் போய்க் குறியைச் சரிசெய்து வைத்தேன். அந்த வாரமே வந்தது ஆயுத பூஜை.

நம் வீட்டில் ஆயுத பூஜைக்கு எதைத்தான் விடுவோம்? கார், மிக்ஸி, என் மைக்ரோமீட்டர் எல்லாம் சாமி முன்னால் ஆஜர். நிஜமான ஆயுதம் ஒன்று வீட்டில் இருக்கும்போது அதை அலமாரியில் பூட்டி வைத்தால் எப்படி? போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, ரைஃபிளைச் சுவரோரமாகக் கிடத்தினேன். செல்வி சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தாள்.

“இதுக்கு நெத்தி எங்கங்க?”

நல்ல கேள்வி. காருக்கு பானெட், மிக்ஸிக்கு மூடி. துப்பாக்கிக்கு?

“ஸ்கோப் கண்ணாடில வைக்காத. குழாய் வாய்ல வைக்காத. மத்தபடி எங்க வேணா வை.”

எப்பேர்ப்பட்ட நிபுணன் நான்! அவள் தன் பக்கம் தெரிந்த வலது ஓரத்தில், பேரலும் கட்டையும் சேரும் கோட்டின் மேலேயே, தாராளமாக மூன்று பொட்டு வைத்தாள். நடுவில் குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மறுநாள் வெளியே தெரிந்ததையெல்லாம் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டினேன்.

சனிக்கிழமை அன்ரன் அண்ணனோடு புக்கிகோஹே போனேன். பிரையன் இருநூறு மீட்டரில், மண்மேட்டை ஒட்டி ஒரு சாப்பாட்டுத் தட்டை நிறுத்தியிருந்தார்.

“அஞ்சு குண்டு. அஞ்சும் தட்டுல விழணும். விழுந்தா கேட் சாவி உனக்கு. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். காயம்பட்ட முயல் என் வேலியோரத்துல கெடந்து துடிக்கறது எனக்குப் பிடிக்காது.”

நியாயம்தானே? படுத்தேன். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்திச் சுட்டேன்.

“தட்டில. ஆனா இடக்கைப் பக்கம்” என்றார் பைனாகுலரோடு அன்ரன் அண்ணன்.

இரண்டாவது, தட்டின் இடது விளிம்பு. மூன்றாவது...

“தம்பி... மண்ணில.”

முயல் போனால் போகட்டும். சத்தமாகச் சொல்லு என்ற அப்பாவிடம் இனி என்ன சொல்வேன்?

நான் எழுந்து உட்கார்ந்து, “துப்பாக்கியில என்னமோ தப்பு” என்றேன். பிரையன் வேலியைப் பார்த்துக்கொண்டார். தட்டைத் தவறவிட்ட எவன்தான் வேறு காரணம் சொல்லியிருக்கிறான்?

ஆனால் யோசித்துப் பாருங்கள். கை நடுங்கினால் குண்டு நாலா பக்கமும் சிதறும். இது ஒரே பக்கம், பேரல் சூடேற ஏறக் கூடிக்கொண்டே போகிறது. எதுவோ பேரலைத் தள்ளுகிறது. போல்ட்டைக் கழற்றினேன்.

“அண்ணே, ஒரு தாள் இருக்கா?”

அவர் சட்டைப்பையிலிருந்து போன ஞாயிறு சர்ச்சில் கொடுத்த பூசைத் தாளை எடுத்துத் தந்தார். இடுக்கில் விட்டேன். கொஞ்ச தூரம் போய் நின்றது. அழுத்தினேன். வலது பக்கத்திலிருந்து மஞ்சளாக, காய்ந்து இறுகிய பொருக்கு ஒன்று உதிர்ந்தது. பின்னாலேயே இரண்டு.

கம்மென்று வாசனை! அப்போதுதான் பிரையன் குனிந்து மோந்து பார்த்து, சென்ட்டா என்று கேட்டார்.

சொன்னேன். வருஷத்தில் ஒருநாள் எங்களுக்குச் சோறு போடும் கருவிகளுக்கெல்லாம் நன்றி சொல்வோம், அது அந்த நன்றியின் மிச்சம் என்று. அவர் பொருக்கை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

“முதல்லேர்ந்து ஆரம்பி. அஞ்சு குண்டு.”

தாள் தண்ணீராக ஓடும்வரை துடைத்தேன். பேரல் ஆறக் காத்திருந்தேன். சுட்டேன்.

ஐந்தும் தட்டின் நடுவில். ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்தால் ஐந்து ஓட்டையும் மறைந்துவிடும். பிரையன் சாவியை என் கையில் வைத்தார். அன்ரன் அண்ணன் பைனாகுலரை இறக்கவே இல்லை. தட்டைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது தூரத்து ரோட்டை. அங்கே ஓர் அம்மாள் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

“இவ்வளவு சத்தத்துக்கும் அந்த மனுசி ஓடேல்லைத் தம்பி” என்றார். பிறகு தட்டைப் பார்த்து, “நல்ல சூடு” என்று நான் சுட்டதைப் பாராட்டினார்.

மறுநாள் செல்வியும் நானும் போனோம். காலைப் பனியில் ஒரே ஒரு முயல், ஒரே ஒரு குண்டு. துடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பிரையன் தன் டிராக்டரைக் காட்டி, அதற்கும் நன்றி சொல்ல முடியுமா என்று செல்வியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். டிராக்டருக்கு நெற்றி எது என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

இரவு அப்பாவுக்கு போன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்:

“சுட்டது நீ. சரி... தூக்கிட்டு வந்தது யாரு?”

“அதுவும் நாந்தாம்பா.”

அப்பா சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். ஐ.எஸ்.டி. காலில் சிரிப்புக்கும் மீட்டர் ஓடும்... ஓடட்டுமே!