சம்பந்தி அம்மா கொண்டு வந்த சுக்காங்கீரை

மருமகளுக்கு மூன்றாம் மாதம். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. மாங்காய், நார்த்தங்காய், எலுமிச்சை என்று மாட வீதியில் கிடைத்த புளிப்பையெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். எதுவும் வயிற்றில் தங்கவில்லை. அவள் இமாசலத்துப் பெண். என் மகனோடு பெருங்குடி ஆபீஸில் வேலை பார்த்தவள். ஊருக்கு மேலே மலைப் புல்வெளியில் தானாக முளைக்கும் புளிப்பான சுக்காங்கீரையைத் தின்னவேண்டும் போலிருக்கிறது என்று அவள் அம்மாவிடம் போனில் அழுதாள்.

அடுத்த வாரமே அந்த அம்மாள் வந்து இறங்கினார். விமானத்தில் வருவது அதுதான் முதல் தடவை. பையில் புடவைகளைவிட ஈரத்துணியில் சுற்றிய கீரைதான் அதிகம். அம்பு முனை மாதிரி இலைகள். பனி உருகியதும் பழைய வேரிலிருந்தே வருஷா வருஷம் துளிர்க்குமாம். அவரே மலையேறிப் பறித்திருந்தார்.

மதியம் அதைப் பச்சைமிளகாயோடு அரைத்துப் பரிமாறினார். ஆதம்பாக்கத்திலிருந்து என் நாத்தனாரும் வந்திருந்தாள். துவையலை விரலால் ஓரம் தள்ளிவிட்டு என்னிடம் சொன்னாள்:

"ஏன் மன்னி, மயிலாப்பூர்ல கீரைக்கா பஞ்சம்? மாடு மேயற புல்லைப் போய் பிளேன்ல தூக்கிண்டு வந்திருக்காளே."

என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சம்பந்தி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்கிற தைரியம். மருமகளுக்கு நன்றாகவே தெரியும் என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

சம்பந்தி அம்மா தானும் சிரித்தபடி மகளிடம் ஏதோ கேட்டார். மருமகள் தட்டைப் பார்த்தபடியே இந்தியில் பதில் சொன்னாள். உடனே அவர் முகம் மலர்ந்து எழுந்து வந்து, எனக்கு இன்னொரு கரண்டி வைத்தார்.

"என்னம்மா சொன்னே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன்."

சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. மருமகள் அதைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டாள். அன்று அவளுக்கு வாந்தி வரவில்லை.

அவர் ஊருக்குக் கிளம்பும் நாளில் மன்னிப்புக் கேட்டுவிட நினைத்தேன். எனக்கு இந்தி வராது. சமையலறையில் மருமகளிடம், "நான் சொல்றதை அம்மாகிட்ட எடுத்துச் சொல்றியா?" என்றேன்.

"வேண்டாம்மா. எதுக்கு சிரிச்சீங்கன்னும் சொல்லவேண்டி வரும். அவங்க சந்தோஷமா போகட்டும்."

குரலில் கோபமே இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

வாசலில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சம்பந்தி அம்மா நிறையப் பேசினார். மருமகள் சுருக்கமாகச் சொன்னாள்:

"பொண்ணு இவ்வளவு தூரத்துல இருக்காளேன்னு பயந்துட்டிருந்தாங்களாம். உங்களைப் பார்த்தப்புறம் பயமில்லையாம்."

நான் தலையாட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.