பூஜையில் மாட்டிக்கொண்ட டேப் ரெக்கார்டர்

எழுபதுகளின் கடைசியில் செங்கல்பட்டுக் கடைத்தெருவை ஒட்டிய எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. அமெரிக்காவில் படித்த என் தம்பி, கணக்கு டீச்சரான எனக்கென்று கொண்டுவந்தது. எழுத்துகளைத் தட்டும் பெட்டி ஒன்று, சின்னத் திரை ஒன்று, நம் ஊர்க் கரண்டுக்காகக் கனத்த டிரான்ஸ்பார்மர் ஒன்று. சுவிட்சை அணைத்தால் எழுதியது அத்தனையும் அதற்கு மறந்துபோகும். அதனால் அணைக்கும் முன் எல்லாவற்றையும் டேப் ரெக்கார்டரில் பதிந்து வைக்க வேண்டும். மறுநாள் அந்தக் கேசட்டை ஓடவிட்டால், கீச்சென்ற சத்தமாகக் கேட்டுக் கேட்டுத் திரும்பக் கற்றுக்கொள்ளும்.

அந்த வருஷம் வாய்ப்பாட்டில் பிள்ளைகளைக் கேள்வி கேட்கும் விளையாட்டு ஒன்றை அதில் எழுதியிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, சமையலுக்கு நடுவே, வாரக்கணக்கில் எழுதியது. பூஜை லீவு முடிந்ததும் மாமல்லபுரத்துப் பள்ளிக்கூடத்துக் கண்காட்சியில் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். “அது விளையாட்டுச் சாமான்தானே” என்று சிரித்த சக டீச்சர்கள் எல்லாரும் வருவார்கள். அவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் நிஜமான ஆசை.

சரஸ்வதி பூஜையன்று காலையில் விளையாட்டைக் கேசட்டிலிருந்து ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் ரெக்கார்டர் நாடாவைத் தின்றுவிட்டது. பிரித்தெடுத்தால் இடியாப்பம்போல் வந்தது. பரவாயில்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கிறதே என்று அதை அணைக்காமல் விட்டேன். ரெக்கார்டரின் உள்ளே பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், வெளியேயும் பளபளவென்று துடைத்தேன், புதுக் கேசட்டைப் போட்டேன். குளித்துவிட்டு வந்து பதிந்துகொள்ளலாம் என்று போனேன். அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கக் கூடாது.

திரும்பி வந்தால் ரெக்கார்டர் பூஜையில் இருக்கிறது. என் பாடப் புத்தகங்களின்மேல், சந்தனப் பொட்டும் செவ்வந்திப் பூவுமாக.

“அத்தே, அது எனக்கு வேணுமே!”

“நீதானமா தொடச்சி வெச்ச? பூஜைக்குன்னு நெனச்சேன்” என்றார் என் மாமியார். “சாமி முன்னால வெச்சத நாளைக்குக் காலைல மறுபூஜ பண்ணிதான் எடுக்கணும். படிக்கிற வூட்ல இது தெரியாதா?”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவரிடம் கோபித்து என்ன பிரயோஜனம்? தெருவில் சாயங்காலமானால் கரண்ட் போவது வழக்கம். ஒரு நொடி போனாலும் அத்தனை வார உழைப்பும் போச்சு. விளக்கு லேசாக மங்கும்போதெல்லாம் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன்.

புலம்பலைக் கேட்டு அடுத்த வீட்டுப் பெண் வந்தாள். அவள் கணவர் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். இருவரும் கடிதம் எழுத மாட்டார்கள், பேசி அனுப்புவார்கள். அவர் ஒரு பக்கம் பேசி அனுப்பிய கேசட்டின் அடுத்த பக்கத்தில் இவள் பதில் பேசி, அதையே திருப்பி அனுப்புவாள். அவளும் ஒரு ரெக்கார்டர் வைத்திருந்தாள்.

“எங்க வூட்டுப் பொட்டிய எட்தாரேன் டீச்சரக்கா. புதுக் கேசட்டுதான் இல்ல. மச்சான் பேசினது ஒண்ணு கீது. அந்தாண்ட பக்கம் காலி.”

“இன்னைக்கு எழுதக் கூடாதே” என்று நானே மாமியாரைப் பார்த்தேன்.

அவர் யோசித்தார். “நீயா எழுதற? பொட்டி கத்துது, பொட்டி கேட்டுக்குது. நீ சும்மா குந்திகினு இரு.”

சும்மா உட்கார்ந்திருந்தேன். பெட்டி கத்தியது. முடித்ததும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டரிடமே சரிபார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். சாயங்காலம் வழக்கம்போல் கரண்ட் போனது. நிம்மதியாகச் சுண்டல் தின்றேன்.

கண்காட்சியில் என்னைப் பார்த்துச் சிரித்த டீச்சர் ஒருத்தியே ஒன்பதாம் வாய்ப்பாட்டில் தோற்றுப் போனாள். அந்தச் சந்தோஷத்தை மறைக்க நான் முயலவே இல்லை. விளையாட்டைப் புதுக் கேசட்டுகள் இரண்டில் பதிந்துகொண்டு, அடுத்த வீட்டுப் பெண்ணின் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

“இதும்மேல நான் பேசிட்டா உங்க கணக்கு அழிஞ்சிடாது?”

“அழியட்டும். என்கிட்ட இன்னும் ரெண்டு இருக்கு.”

அவள் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்போ மச்சான் பேசினதும் அப்டி இன்னொண்ணு எடுக்கலாமாக்கா? ஒவ்வொரு தபாவும் பதில் பேசி அனுப்பிட்றேன். அதோட அவுங்க கொரலும் பூடுது. இங்க ஒண்ணுகூட இல்ல.”

எத்தனை வருஷமாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு ரெக்கார்டர்களையும் எங்கள் கூடத்தில் எதிரெதிரே வைத்தோம். அவளுடையது பேச வேண்டும், எங்களுடையது கேட்க வேண்டும், நடுவில் யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்தினேன். அவள் கணவர் சிங்கப்பூர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது என் மாமியார் இருமிவிட்டார். நிறுத்திவிட்டு முதலிலிருந்து பதியலாம் என்றேன்.

அவள் வேண்டாம் என்று தலையாட்டி, என் காதோரம் கிசுகிசுத்தாள். அடுத்து கணவர் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடம் வருகிறதாம்.